பழைய பெட்டியில் ஒரு பாடபேதம்

மண்டபத்துக்கு அருகே உள்ள ஒரு மீனவக் கிராமத்தின் படிப்பகத்தில் சென்ற ஆண்டு நாங்கள் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 பெட்டியை வைத்தோம். கீழக்கரையில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணில் கிடந்தது அது. அவருடைய தந்தையார் 2006-இல் துபாயிலிருந்து கொண்டுவந்தது. தகட்டைப் போட்டால் சுழலும், படம் வராது. பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டிக்குப் போகவிருந்ததை வாங்கிவந்து, துடைத்து, ஓடவைத்து, பல காலத்து விளையாட்டுகளும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி மாற்றியமைத்தோம். புத்தகம் பேசுகிற கூட்டத்துக்கு இது என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. இது இலக்கிய வாசகர்களின் வேலைதான் என்பது எங்கள் கட்சி. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழங்கதை. எங்கள் தலைமுறைக்கு ‘வீடியோ கேம்’ என்ற பெயர் பின்னால்தான் பழகியது. முதலில் அது ‘டிவி கேம்’. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்கள் 1990-களில் சாமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று வெவ்வேறு பெயர்களில் நம் வீடுகளுக்கு வந்தன. சென்னைக்காரர்களுக்குப் பர்மா பஜார் இருந்தது. இராமநாதபுரம் கடற்கரைக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று ஊருக்கு ஊர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஆள் இருந்த கரை இது. வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பெட்டியைத் திறக்கும்போது கோடாலித் தைலத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் சில சமயம் டிவி கேமும் இருக்கும். மஞ்சள் நிறக் கேசட்டின்மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே உண்மையில் இருந்தவை சில பத்து விளையாட்டுகளே. மற்றவை அதே விளையாட்டு வேறொரு கட்டத்திலிருந்து தொடங்குவது. அந்த ஏமாற்று புரிந்தபோதும் யாருக்கும் வருத்தம் வந்ததாக நினைவில்லை. ‘கான்ட்ரா’வும் ‘ரோட் ஃபைட்டர்’உம் மாரியோவும் இருந்தால் போதாதா?

கேசட் ஓடவில்லையென்றால் கழற்றி, வாயால் ஊதி, திரும்பச் செருகுவோம். ஊதியதால் பயன் ஏதுமில்லை, எச்சிலின் ஈரம் செப்புத் தொடர்புகளை மேலும் கெடுத்தது என்பது பிற்பாடு தெரிந்தது. கழற்றிச் செருகியபோதுதான் தொடர்பு கிடைத்ததே ஒழிய, ஊதியபோது அல்ல. ஆனால் எங்கள் கரையில் ஈரத்தையும் உப்பையும் கொண்டுவர யாரும் ஊதவேண்டியதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தின் இரும்பையே தின்ற காற்று இது. அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் நின்றது. பக்கத்தில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உலோகங்களைக் கடற்காற்று எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதற்கே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் முகாமில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. பாலத்துக்கே இந்தக் கதி என்றால் விரல் நகத்தளவு செப்புத் தகட்டுக்கு எத்தனை நாள்? இந்தக் கரையில் எந்த மின்னணுப் பொருளையும் பரணில் வைத்துப் பாதுகாக்க இயலாது. ஓடவைத்துக்கொண்டே இருக்கவேண்டும், அல்லது அதனுள் இருப்பதை வேறொன்றுக்கு மாற்றிவிடவேண்டும்.

மாற்றுவது என்றால் என்ன? பிளேஸ்டேஷன் 2, சோனி நிறுவனம் 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியிட்டது. உற்பத்தி 2013-இல் நிற்பதற்குள் 15 கோடிக்கும் மேல் விற்றது. அதன் முதல் மாதிரிகளின் வயிற்றுக்குள் ஒரு விசேஷம் உண்டு. அதற்கு முந்தைய பிளேஸ்டேஷனின் மையச் சில்லையே உள்ளே வைத்து, வெளியிலிருந்து வருகிற தகவல்களை வாங்கிக் கொடுக்கும் சில்லறை வேலைகளுக்கு அமர்த்தியிருந்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் தகட்டைச் செருகினால் போதும், அந்தக் கிழச் சில்லு முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு தன் காலத்து விளையாட்டை நடத்தும். மகன் கட்டிய புது வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டி, கல்யாணம் காரியம் என்று வந்தால் மொத்த வீட்டையும் நடத்துவாரே, அதுபோல. பின்னால் வந்த மாதிரிகளில் பாட்டியை எடுத்துவிட்டு, அவர் குரலில் பேசத் தெரிந்த வேறொரு சில்லை வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டாம் வகை.

ஒரு கருவி இன்னொரு கருவியின் குரலில் பேசுவதற்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். கூத்தில் வேஷம் கட்டுவது போன்றதுதான். கர்ணன் வேஷம் கட்டியவர் விடியும்வரை கர்ணன். ஃபேமிகாம் வேஷம் கட்டிய மென்பொருள், விளையாட்டு நிரலைப் பொறுத்தவரை, ஃபேமிகாமே. எதிரே இருப்பது அசலா வேஷமா என்று நிரலுக்குத் தெரியாது.

செய்முறை அப்படியொன்றும் கடினமானதல்ல. பெட்டியைத் திறந்து எதையும் பற்றவைக்கவில்லை. இக்கருவிக்கு 8 மெகாபைட் அளவில் ஒரு நினைவக அட்டை உண்டு. விளையாட்டை விட்ட இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளத்தான் அது வந்தது. ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் ஒரு சிறு நிரலை அதில் ஏற்றிவைத்தால், கருவி விழிக்கும்போதே அந்த நிரல் முந்திக்கொண்டு தன் பட்டியலைத் திரையில் காட்டும். கடைசியாக வந்த சில மாதிரிகளில் இந்த வழி செல்லாது. அவற்றுக்கு 2020-இல் வேறு வழி கண்டார்கள்: டிவிடி படம் காட்டும் பகுதியில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி, எரித்த ஒரு தகட்டின் மூலமே உள்ளே நுழைவது. எங்கள் பெட்டிக்கு அட்டையே போதுமானதாக இருந்தது. தகட்டைப் படிக்கும் லென்ஸில் படிந்திருந்த உப்பு மூட்டத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். கடிகார பேட்டரியை மாற்றினோம். தகடுகள் மேலும் தேயாமலிருக்க, கைவசமிருந்த அசல் தகடுகளைப் பிரதியெடுத்து ஒரு மடிக்கணினியில் வைத்து, கம்பிவழி கருவிக்குக் கொடுத்தோம். யூஎஸ்பி வழியாகவும் கொடுக்கலாம். ஆனால் இந்தக் கருவியின் யூஎஸ்பி மிகப் பழைய வகை. பெரிய விளையாட்டுகள் நடுவில் வரும் படக்காட்சிகளில் திக்கும். ஃபேமிகாம் விளையாட்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட். இந்தக் கட்டுரையை யுனிகோடில் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும்.

அந்த மடிக்கணினி, 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கியவற்றில் ஒன்று. தொலைக்காட்சி, 2006-இல் தொடங்கிய திட்டத்தில் வீடுவீடாக வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. இரண்டும் ஏதோ ஒரு வீட்டு மூலையில் சும்மா கிடந்தவையே. இரண்டு ஆட்சிகளின் இரண்டு இலவசங்களும் ஒரு துபாய்ப் பெட்டியும் சேர்ந்து ஒரு படிப்பகத்து மேசையில் வேலைக்கு வந்தன. எவ்விதக் கொள்கை விளக்கமும் தேவைப்படாத கூட்டணி.

நிற்க. நாங்கள் சொல்ல வந்த விஷயம் இதற்குப் பிறகு நடந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை சிறுவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகிறவர். சிறுவயதில் தம் சித்தப்பா வீட்டில் டிவி கேம் இருந்ததென்றும், ‘ரோட் ஃபைட்டர்’ விளையாட்டில் தம்மை யாரும் வென்றதில்லையென்றும் சொன்னார். கொடுத்தோம். முதல் வளைவிலேயே வண்டி மோதியது. மீண்டும் மோதியது. ஐந்தாறு முறை முயன்றபின் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இல்ல தம்பி, இது ரொம்ப வெரசா ஓடுது. எங்க வண்டி இப்படி ஓடாது.”

வயது ஏறிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். சிரித்தது தவறு. அன்றிரவு எங்களில் ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. தேடிப் பார்த்ததில் அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று தெரிந்தது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இந்தியா பின்பற்றியது பால் என்ற முறை; அதில் 50 முறை. அக்காலத்து விளையாட்டுகள் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்கவில்லை. திரை ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் வண்டி ஓர் அடி நகரும் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டன. ஆகவே பால் நாடுகளுக்காகச் செய்யப்பட்ட நகல் கருவிகளில் அதே விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. மாரியோவின் தாவல், எதிரியின் குண்டு, பின்னணி இசையின் தாளம் எல்லாமே. ஜப்பானில் அதை எழுதியவர்கள் நினைத்த வேகம் ஒன்று. நாம் வளர்ந்த வேகம் வேறொன்று. எங்கள் எமுலேட்டர் இயல்பாக 60-ஐ எடுத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரின் விரல்கள் முப்பதாண்டுகளுக்கு முந்தைய 50-ஐ நினைவில் வைத்திருந்தன.

அமைப்புப் பட்டியலில் தேடியபோது ‘டெண்டி’ என்றொரு தேர்வு இருந்தது. டெண்டி என்பது 1992-இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த ஒரு நகல் கருவி. அங்கும் 50 முறைத் திரையே. அந்நாட்டு ஆர்வலர்களும் பிறரும் தங்கள் இளமையின் வேகம் தொலைந்துபோகக்கூடாது என்று அந்த வேஷத்தையும் எழுதிச் சேர்க்கவைத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு அவரை வலிந்து கூப்பிட்டோம். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு நிமிடம் ஓட்டினார். “ம், இதுதான்,” என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சிறுவர்கள் ஒருவராலும் அன்று அவரைத் தாண்ட முடியவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பாடபேதம். ஒரு நூல் பல ஊர்களில் பல கைகளால் எழுதப்படும்போது சொற்கள் மாறுகின்றன. நல்ல பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை மூலத்தில் வைப்பார், மற்றவற்றை அடியில் குறிப்பார், எதையும் எறியமாட்டார். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் பிரதி தேடி அலைந்தது ஒரே நூலின் பல ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவும்தான். ஓர் ஏடு இருக்கிறதே, போதும் என்று அவர் நின்றிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஓர் ஏட்டின் பிழைகளோடு கூடிய நூல். இராமநாதபுரம் சேதுபதி மரபில் வந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதனோடு ஒரு புத்தகசாலையையும் அமைத்தார். சேர்த்துவைப்பதும் ஒப்பிடுவதும் பெயர்த்தெழுதுவதும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. ஓலை சில நூற்றாண்டு தாங்கும். கரையான் அரிப்பதற்குள் புது ஓலையில் எழுதிவிடவேண்டும். சில்லும் தகடும் சில பத்தாண்டுகளே தாங்குகின்றன. பெயர்த்தெழுதவேண்டிய அவசரம் நம் முன்னோரைவிட நமக்கு அதிகம். நொடிக்கு 50 என்ற நம் பாடத்தை அமெரிக்கரோ ஜப்பானியரோ குறித்துவைக்கப்போவதில்லை. அது நம் வேலை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். எல்லாவற்றையும் பெயர்த்தெழுத முடியாது. வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’ நினைவிருக்கும். துப்பாக்கியை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழாய்க்குள் இருக்கும் ஒளியுணரி அதைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய்த் திரையின் உடனடி ஒளியை நம்பிச் செய்த வித்தை அது. இன்றைய தட்டைத் திரையில் படம் சற்றுத் தாமதித்து வருவதால் வாத்து சாகாவரம் பெற்றுவிடுகிறது. அந்த விளையாட்டை மீட்க நிரல் மட்டும் போதாது. துப்பாக்கியும் குழாய்த் தொலைக்காட்சியும் வேண்டும். ஆகவே வீட்டில் கிடக்கும் அந்த 14 அங்குலப் பெட்டியைக் கழிவென்று எடைக்குப் போடுவதற்குமுன் ஒருமுறை யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி, தவிர்க்கமுடியாத கேள்வி. இது திருட்டு அல்லவா?

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில் சேர்க்கிறது. எங்கள் கட்சிக்கு இதைவிட வலிய சாட்சி கிடையாது. சட்டத்தின் கண்ணில் மாரியோ நிரலும் மணிக்கொடிக் கதையும் ஒரே இனம். முறையாகப் பெற்ற நிரலின் பிரதி அழிந்துவிடாதிருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே, கைவசமுள்ள அசல் தகடுகளை நாங்கள் மடிக்கணினியில் பிரதியெடுத்தது மனச்சான்றுக்கு உறுத்தவில்லை. ஆனால் ‘9999 இன் 1’ கேசட் முறையாகப் பெற்ற பிரதி அல்ல. நம் குழந்தைப்பருவமே திருட்டுப் பதிப்பில் நடந்தது. ‘டாங்க் 1990’ என்று நாம் ஆடியது, நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’யை யாரோ திருத்தி வெளியிட்டது. அந்த மீனவர் ஓட்டிய வண்டியும் சட்டப்படி சுத்தமான வண்டி அல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை.

எனவே படிப்பகத்துக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டோம். அசல் பிரதி கையில் இருப்பவை, ஆசிரியர்களே இலவசமாகக் கொடுத்தவை, விலைகொடுத்து வாங்கியவை: இம்மூன்று மட்டுமே அங்கே நிரந்தரமாக இருக்கும். பழைய ஃபேமிகாமுக்கென்று இன்றும் புதிதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் வந்த ‘மைக்ரோ மேஜஸ்’ அதே 40 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டது. வண்டி ஓட்டம் அந்த மனிதருக்குச் சொன்ன விடையோடு முடிந்தது. இந்த விதியால் இழப்பு அதிகம் என்று எங்களில் இருவர் இன்னமும் வாதாடுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. விலைகொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க இயலாது. விற்கவும் மாட்டார்கள், பிறர் பாதுகாக்கவும் விடமாட்டார்கள் என்றால் அது எவ்வகை உரிமை?

தமிழர்களுக்கு இதற்கு ஒரு விடை தெரியும். பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949-இல் அரசு வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. உரியவர்களுக்குப் பரிவுத்தொகையும் கிடைத்திருக்கிறது. பொதுவுடைமையான நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து 1998 முதல் மதுரைத் திட்டத்தில் ஏற்றிவைத்ததால் உலகின் எந்த மூலையிலிருந்தும் இன்று படிக்கிறோம். விற்பனையிலிருந்து விலகிப்போன நிரலுக்கும் இப்படியொரு வழியை யோசிப்பது நமக்கு அந்நியமான சிந்தனை அல்ல.

ஜப்பானிய விளையாட்டைக் காக்க ஜப்பான் இருக்கிறது. அந்நாட்டு தேசிய நூலகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து விளையாட்டுத் தகடுகளையும் புத்தகங்களைப் போலவே சட்டப்படி பெற்றுச் சேமித்துவருகிறது. எங்கள் கவலை நம்முடையவற்றைப் பற்றியது. இதே பிளேஸ்டேஷன் 2-க்கு இந்தியாவில் எழுதப்பட்ட விளையாட்டுகள் உண்டு. 2009-இல் ஹைதராபாத்தில் உருவாகி வந்தது ‘ஹனுமான்: பாய் வாரியர்’. அதே ஆண்டில் வந்த ‘தேசி அட்டா’ கபடி, கிட்டிப்புள், பட்டம் முதலியவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2010-இல் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’, தெருக் கிரிக்கெட். அனுமன் விளையாட்டு தரத்தில் உயர்ந்ததென்று யாரும் சொல்லவில்லை. கடவுளைக் கைப்பிடியால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவில் இந்து அமைப்பினர் கண்டனமும் தெரிவித்தார்கள். ஆயினும் கம்பன் ‘கடல் தாவு படலம்’ என்று ஒரு படலமே பாடிய அந்தத் தாவலை, இந்தியக் கைகள் வீட்டுத் திரைக்கான கன்சோலில் எழுதிப் பார்த்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. இராமேசுவரத்திலும் இராமநாதபுரத்திலும் அதன் ஒரு பிரதிக்காகத் தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டோம். பெயரைக் கேட்டே சிரித்தார்கள்.

நூலகத்திலும் கிடைக்காது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாராவுக்கும் இன்னும் சில நூலகங்களுக்கும் போய்ச் சேரவேண்டும். எவரும் படிக்காத கவிதைத் தொகுதிக்கும் அங்கே ஓர் அலமாரி உறுதி. நிரலை இலக்கியம் என்று ஒரு சட்டம் சொல்கிறது. இலக்கியத்தைச் சேமிக்கச் சொல்லும் இன்னொரு சட்டத்துக்கு நிரல் கண்ணில் படவில்லை. இந்த இடைவெளியில் விழுந்து காணாமற்போவது நம் சொந்த ஏடுகள். ‘தேசி அட்டா’வின் தகடு இப்போது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் உப்பு பூத்துக்கொண்டிருக்கலாம். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டதற்காக நம் முன்னோரைக் குறை சொல்கிறோமே, நாம் செய்துகொண்டிருப்பது என்ன?

படிப்பகத்துப் பெரியவர்கள் எழுப்பிய ஆட்சேபம் வேறு. பிள்ளைகள் ஏற்கெனவே கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கிறார்கள், இங்கும் ஒரு திரையா என்றார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இணையவழிச் சூதாட்டத்தில் பணத்தையும் உயிரையும் விட்டவர்களின் செய்திகளைத் தமிழகம் படித்த ஆண்டுகள் இவை. நீதிபதி சந்துரு தலைமையில் 2022-இல் குழு அமைந்தது. 2023-இல் மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசும் தடைசெய்தது. விளையாட்டு என்ற அழகிய சொல்லே சூதுக்கு மறுபெயராகிவிட்ட காலத்தில் பெரியவர்கள் அஞ்சுவது இயல்பு.

நாங்கள் வாதாடவில்லை, வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றோம். இந்தப் பெட்டிக்கு இணையம் இல்லை. பணம் கேட்காது. நள்ளிரவில் கூப்பிட்டு எழுப்பாது. இரண்டு கைப்பிடி, பதினைந்து பிள்ளைகள். உயிர் போனால் அடுத்தவனுக்குக் கொடுக்கவேண்டும். முறை வருவதற்காகக் காத்திருக்கிறவன் பக்கத்திலிருக்கும் அலமாரியிலிருந்து எதையாவது எடுத்துப் புரட்டுகிறான். எல்லாரும் அல்ல, சிலர். கைப்பேசி விளையாட்டில் ‘உன் முறை’ என்ற சொல் கிடையாது. அது எப்போதும் நம் முறையே. கோயில் மண்டபத்துக் கல்தரைகளில் யாரோ வெட்டிவைத்துவிட்டுப் போன ஆடுபுலி ஆட்டக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதை ஆட எதிரே ஓர் ஆள் வந்து உட்காரவேண்டும். பழைய டிவி கேமும் அந்தக் கோடுகளின் வழிவந்ததுதான். ஒரு தனிநபரின் சேகரிப்பு அறையில் பூட்டிவைத்தால் அதன் பாதி செத்துவிடும். ஆகவேதான் படிப்பகம் என்று பிடிவாதம் பிடித்தோம். பெரியவர்கள் ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் என்று அனுமதித்திருக்கிறார்கள்.

அங்கே வரும் ஒரு மாணவி, இதில் தமிழ் விளையாட்டே இல்லையா என்று கேட்டாள். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல்வழி சொல்லும் ‘வெண்பா’ 2023-இல் வெளிவந்து, மறு ஆண்டு பாஃப்டா விருதும் பெற்றதைச் சொன்னோம். அது இந்தப் பெட்டியில் ஓடாதே என்றாள். உண்மைதான். அப்படியானால் நாமே எழுதலாமா என்று கேட்டாள். ஃபேமிகாம் திரையின் பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 சிறு சதுரங்கள் கிடைக்கும். தமிழ் எழுத்துகள் 247. கணக்கு பொருந்துகிறதே என்று மகிழ்ந்தோம். ஆனால் சதுரம் ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிதான். அதற்குள் ‘ண’ அடங்காது, ‘ஔ’ பற்றிப் பேசவே வேண்டாம். அவள் இப்போது கட்டம்போட்ட கணக்கு நோட்டில் இரண்டு சதுரம் சேர்த்து ஓர் எழுத்து என்று வரைந்துகொண்டிருக்கிறாள். ‘ண’ முடிந்துவிட்டது. மூன்று சுழியும் தெரிகிறது.

பரணில் பழைய கருவியோ தகடோ கேசட்டோ வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள், இந்த மழைக்காலத்துக்குள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். துடையுங்கள். ஓடினால் ஓடவிடுங்கள், நான்கு பேர் கூடும் இடத்தில். வேகம் சரியாக இருக்கிறதா என்று அந்தக் காலத்தில் ஆடிய ஒருவரிடம் மறவாமல் கேளுங்கள்.